பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி வரட்டும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்றால் கொடியேற்றம், சப்பரம், விருந்து என்று முடிந்துவிடுவதன்று. லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரப்படி, அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு அது. ஆகையால் இந்நாளில் பழைய கணக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பது முறையாகும்.

நெருப்பெரிச்சல் 2011-இல் மாநகராட்சியோடு சேர்வதற்கு வெகுகாலம் முன்பே திருப்பூரின் பனியன் தொழில் நம் வீட்டுப் பிள்ளைகளை அழைக்கத் தொடங்கிவிட்டது. டெய்லருக்குக் கை மடிக்க ஒரு பையன், பிசிறு வெட்ட ஒரு சிறுமி. சனிக்கிழமை இரவு கையில் சம்பளம். அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கியவர்களும், அந்தப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர்களும் யாரோ அல்லர். ஞாயிறு பூசையில் நம்மோடு முழந்தாளிட்டவர்களே. பிறரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அப்பிள்ளைகளுக்காக ஏற்பட்டவைதான் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள். 1988-இல் நாட்டில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் நம் பகுதிக்கும் வந்தது. 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள். ஒரு மையத்தில் ஏறக்குறைய 50 பேர். மதிய உணவு, கொஞ்சம் கைத்தொழில், இவற்றோடு ஆரம்பத்தில் மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் டஜன் கணக்கு மனப்பாடம்! அவனை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் வெட்கப்பட்டு மறுநாளே ஓடிவிடுவான். அவனுக்குத் தெரிந்த டஜன் கணக்கிலிருந்து தொடங்கினால் இருப்பான். இரண்டொரு ஆண்டுகளில் அவனைத் தயார் செய்து, வயதுக்கேற்ற வகுப்பில் சாதாரணப் பள்ளியில் சேர்ப்பதே அங்கே நோக்கம். அத்திட்டம் 2021-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இவ்வாறே அவரவர் வேகத்துக்கு இடம் கொடுத்தது. ஆந்திரத்து ரிஷிவேலியைப் பார்த்து எடுத்த முறை அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை அட்டையாக முன்னேறினார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. 'இதென்ன படிப்பா, விளையாட்டா?' என்று கேட்ட பெற்றோர் உண்டு. அவர்கள் கவலையும் வீண் அன்று. புதுமை என்ற பெயரில் ஏழைக்குக் குறைந்த படிப்பைத் தந்துவிடக் கூடும். 1953-இல் இராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்தபோது நாடே கொதித்தெழுந்ததும், அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டதும் இதனால் அல்லவா? மாற்றுப் பள்ளி ஒரு வாசலாய் இருக்கலாம்; அதுவே வீடாகிவிடக் கூடாது.

நம் திருச்சபைக்கு இது புதிதன்று. 1841 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். இத்தாலியின் தூரின் நகரில், பூசைக்கு உதவத் தெரியாத ஒரு கொத்து வேலைப் பையனைக் கோவில்பிள்ளை அடித்து விரட்டினார். பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த தொன் போஸ்கோ, 'அவன் என் நண்பன்' என்று திரும்ப அழைத்துவரச் செய்தார். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த அநாதை அவன்; எழுதப் படிக்கத் தெரியாது. பகலில் உழைக்கும் இத்தகையோருக்காகவே அவர் ஞாயிறு வகுப்பும் இரவு வகுப்பும் நடத்தினார். 1852-இல் ஒரு தச்சுப் பட்டறை முதலாளியிடம் அவர் எழுதி வாங்கிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது: பையனை வாயால் மட்டுமே திருத்த வேண்டும்; தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக் கூடாது; திருநாட்களில் விட்டுவிட வேண்டும். நம் ஊர் முதலாளிமார் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக!

இன்று தூரின் பையன் நம் ஊரிலேயே இருக்கிறான். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. தாய் தகப்பன் கம்பெனிக்குப் போனபின், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் சிறுமியை நாம் தினமும் கடந்து செல்கிறோம். தமிழ் தெரியாது, மாற்றுச் சான்றிதழ் இல்லை, பாதி ஆண்டு கடந்துவிட்டது என்று அவர்களே தயங்கி நின்றுவிடுகிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் அந்தத் தயக்கத்துக்கே இடம் வைக்கவில்லை. 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, சேர்க்கை முடிந்தது என்றோ இடம் மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். இதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை என்பதுதான் குறை.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. மறைக்கல்வி அறை ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கிறது. அதை வார நாட்களில் மாலை 5 முதல் 7 வரை திறந்துவிட வேண்டும். மதம் கேட்க வேண்டாம், கட்டணம் வேண்டாம். அவர்கள் மொழியில் தொடங்கித் தமிழுக்குக் கொண்டுவந்து, ஜூன் மாதம் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஜூனில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை வைத்தே நம் வேலையை எடைபோட வேண்டும். இந்தியோ ஒடியாவோ தெரிந்தவர்கள் நம்மிடையே உண்டு. பூசையில் கடைசி வரிசையில் நிற்கும் அந்தச் சகோதரர்களே முதல் ஆசிரியர்கள் ஆகலாம்.

நான்கு பாய், ஒரு கரும்பலகை, வாரம் இரண்டு மாலை கொடுக்கக்கூடிய ஆட்கள் ஆறு பேர். இவ்வளவே இப்போது தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடை அருகே எங்களைப் பார்க்கவும்.