பழுது நீக்குவோரின் பேச்சும் நிறுவனத்தின் அறிவும்

நிறுவனங்களில் அறிவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று சேர்கிறது என்னும் கேள்வி மேலாண்மைத் துறையில் நெடுநாளாகப் பேசப்பட்டு வந்தாலும், அதற்கான விடை பெரும்பாலும் கணினிப் பிரிவிடமே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. ஆவணங்களைத் திரட்டுவதும், அவற்றைத் தேடியெடுக்க வசதி செய்வதுமே அறிவு மேலாண்மை எனக் கொள்ளப்பட்டன. பணியாளருக்கு எவ்வளவு நேரம் தருவது, அவர் வேலையை எதைக்கொண்டு மதிப்பிடுவது, யாரை யாருடன் சேர்த்துக் குழு அமைப்பது, வேலை நிலைக்கும் என்ற உறுதியை அளிப்பதா வேண்டாமா என்பன போன்ற மனிதவள முடிவுகளே ஒரு நிறுவனம் கற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன என்பதும், கருவிகள் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

அங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மைக்கேல் போலானி, சொல்லில் அடங்காமல் செயலில் மட்டுமே வெளிப்படும் அறிவைத் தம் 1966-ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் இதனை உள்ளுறை அறிவு எனலாம். கோவை வட்டார வார்ப்படப் பட்டறைகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அச்சு மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கி, அதை இரண்டாக உடைத்து, உடைந்த ஓரம் உதிர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தே ஈரம் போதுமா என்று மூத்த தொழிலாளி முடிவு செய்கிறார். ஈரம் மிகுந்தால் உருகிய இரும்பை ஊற்றும்போது நீராவி எழுந்து வார்ப்பில் துளை விழும். குறைந்தால் அச்சே உதிர்ந்துவிடும். ஈரத்தின் சதவீதத்தை ஏட்டில் எழுதி வைக்கலாம் என்றாலும், அந்தக் கையின் பக்குவம் பக்கத்தில் நின்று பழகியவருக்கே வரும். அவ்வாறு நிற்பதற்கு இளந்தொழிலாளி ஒருவருக்கு எத்தனை மாதம் அனுமதி கிடைக்கும் என்பதோ முழுக்க முழுக்க மேலாளரின் கையில் இருக்கிறது.

இதனை மிகத் துல்லியமாகக் காட்டியவர் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் ஜூலியன் ஆர். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஊழியர்களுடன் அவர் உடன் சென்று கண்டவை 1996-இல் நூலாயின. இன்ன பிழைக்குறி தோன்றினால் இன்ன உறுப்பைச் சோதிக்க வேண்டும் என்று கையேடு படிப்படியாக வழி சொல்லியது. ஆனால் இயந்திரங்கள் கையேட்டின்படி பழுதாகவில்லை. ஒருமுறை ஊழியர் ஒருவர் பழுது பார்க்கையில் பிழைக்குறி ஒன்றைக் காட்ட, உண்மைக் கோளாறு வேறெங்கோ இருந்தது. வரவழைக்கப்பட்ட நிபுணருக்கும் பிடிபடவில்லை. அவ்வூழியரும் நிபுணரும் இயந்திரத்தின் முன் நின்று, தாம் முன்பு கண்ட கோளாறுகளையும் பிறரிடம் கேட்ட கோளாறுகளையும் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிச் சொல்லி, கதைகளுக்கிடையே பொருந்தி வந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டே காரணத்தைக் கண்டுபிடித்தனர். காலை உணவின்போதும் தேநீர் வேளையிலும் இவ்வூழியர்கள் கூடிப் பேசியது வெளியிலிருந்து பார்ப்போர்க்கு வேலை நேர விரயமாகவே தோன்றியிருக்கும். அந்நிறுவனத்தின் மிகவும் மதிப்பு வாய்ந்த பயிற்சி அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பேச்சைத் தடுக்காமல் அதற்கு இடம் அமைத்துத் தந்ததே நிர்வாகத்தின் நற்செயல். 1990-களில் ஸெராக்ஸ் பிரான்சில் தொடங்கிய யுரேகா என்னும் ஏற்பாட்டில், ஊழியர் எழுதும் தீர்வுக் குறிப்பைச் சக ஊழியர்களே சோதித்து ஏற்றனர். எழுதியவர் பெயரும் குறிப்போடு நின்றது. பணப் பரிசு தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, தரம் போய் எண்ணிக்கை பெருகும் என்று அஞ்சி ஊழியர்களே அதை விரும்பவில்லை. அந்த அச்சம் நியாயமானது என்பதற்கு இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் அனுபவம் சான்று. அறிவுப் பகிர்வுக்குப் புள்ளிகள் வழங்கும் முறையை அது கொண்டுவந்ததும், பயன் குறைந்த பங்களிப்புகளும் பெருகவே, ஊக்கமுறையைத் திருத்த நேர்ந்ததை 2005-இல் வெளியான ஆய்வொன்று விளக்குகிறது. சகதொழிலாளரின் மதிப்பை நாடி எழுதப்படும் குறிப்பும் புள்ளியை நாடி எழுதப்படும் குறிப்பும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

பேச்சு நிகழ அச்சமின்மை வேண்டும். தவற்றையோ ஐயத்தையோ வெளியே சொன்னால் இழிவோ தண்டனையோ வராது என்று குழுவினர் நம்பும் நிலையை உளப் பாதுகாப்பு என்பர். ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நல்ல தலைமையுடைய செவிலியர் குழுக்களிலேயே மருந்து தொடர்பான தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் மிகுதியாக நிகழ்ந்தன என்பதைவிட, நிகழ்ந்தவை மறைக்கப்படவில்லை என்பதே அதற்கு ஏற்ற விளக்கமாக அமைந்தது. ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தி, கடைசியில் சிலர் இருந்தே தீர வேண்டும் என்னும் மதிப்பீட்டு முறை இதற்கு நேர் எதிரானது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் கற்றுத்தருவது தன் இடத்தையே இழக்கச் செய்யும் என்றால் எவர் கற்றுத்தருவார்? மைக்ரோசாஃப்ட் 2013-இல் அம்முறையைக் கைவிட்டது. இந்திய நிறுவனங்கள் பலவற்றில் அது வேறு பெயர்களில் இன்னும் நீடிப்பது வருந்தத்தக்கது.

பணிப் பாதுகாப்புக்கும் கற்றலுக்கும் உள்ள உறவைக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இயங்கிய நூமி (NUMMI) ஆலை காட்டியது. வேலைக்கு வராமை, உற்பத்தித் தரக்குறைவு ஆகியவற்றுக்குப் பேர்போன ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-இல் மூடப்பட்டு, டொயோட்டாவுடனான கூட்டு முயற்சியாக 1984-இல் மீண்டும் திறந்தபோது, பழைய தொழிலாளர்களே பெருமளவில் திரும்ப எடுக்கப்பட்டனர்; தொழிற்சங்கமும் அதுவேதான். குழுத் தலைவர்கள் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். குறை கண்ட எவரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் உதவிக்கு வருவார். ஒவ்வொரு வேலையையும் செய்யும் முறையை வெளியார் வகுக்காமல், அதைச் செய்யும் தொழிலாளர்களே நேரம் அளந்து எழுதினர். 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோதும் எவரும் பணிநீக்கம் செய்யப்படாமல், உபரியான நேரம் பயிற்சிக்கும் வேலைமுறைத் திருத்தத்துக்கும் செலவிடப்பட்டது. தான் சொல்லும் யோசனை தன் வேலையையே பறித்துவிடும் என்ற நிலை இருந்திருந்தால், அந்தத் தொழிலாளர்கள் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

இங்கு கூடியுள்ள அறிஞர்களும் தொழில்துறையினரும் வரும் அமர்வுகளில் குறிப்பாகக் கருத வேண்டியது ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை. இந்திய ஆலைகள் பலவற்றில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நிற்கின்றனர். பயிற்சி வகுப்பு, யோசனைப் பெட்டி, தரவட்டக் கூட்டம் ஆகியவை பெரும்பாலும் முன்னவருக்கே வாய்க்கின்றன. பின்னவர் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருப்பதால் அவருடைய கற்றலுக்கு ஒப்பந்ததாரரும் பொறுப்பேற்பதில்லை, ஆலையும் பொறுப்பேற்பதில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் வெளியேறும் நாளில், அந்த இயந்திரத்தைப் பற்றி அவர் அறிந்தவற்றைக் கேட்டுக்கொள்ள ஆலையில் எவரும் நியமிக்கப்படவில்லை. அப்பொறுப்பை மேற்பார்வையாளரின் பணிவரையறையில் எழுத்துப்பூர்வமாகச் சேர்ப்பது எப்படி, அதற்கான நேரத்தை உற்பத்தி இலக்கிலிருந்து எவ்வாறு கழிப்பது என்ற இரு கேள்விகளுடன் முதல் அமர்வு தொடங்கலாம்.