இணையதளக் கடைக்குள் எல்லாரும் வரமுடியுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் விற்பனைக் குழுப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியிருப்பதால், எல்லாக் குழுக்களிலும் இதை வாசித்துக் கலந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறோம். – ஆசிரியர் குழு)



நம்ம ஊறுகாய், சிறுதானிய மாவு, பனையோலைக் கூடை இதுக்கெல்லாம் ஒரு இணையதளம் வைக்கலாம்னு போன கூட்டத்தில் பேசினோம். ஒருத்தர் மாதிரி ஒண்ணு செஞ்சும் காட்டினார். "கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளன்னு இருக்கு"ன்னு எல்லாரும் சொன்னீங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில்தான் ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு நேரம் கேட்டேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. கண் பார்வை கிடையாது. ஆனால் கூடை முடைவதில் அவங்க கைக்கு ஈடு யாரும் இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியை அவங்க செல்போனில் போட்டு வைத்திருக்காங்க. சேமிப்புத் தேதி, கூட்டச் செய்தி எல்லாம் காதால் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாங்க. "என் கூடையைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கேப்போம்"னு அந்தத் தளத்தைத் திறந்தாங்க. போன் சொன்னது இவ்வளவுதான்: "படம். படம். பட்டன். படம்." கூடையின் பெயரும் வரலை, விலையும் வரலை.

அக்கா கோபப்படலை. "ஏம்மா, நான் முடைஞ்ச கூடையை நானே வாங்க முடியாத கடையா இது?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. தலைவி அக்காவிடம் சொல்லி முன்பணத்தை நிறுத்தி வைத்தேன்.

என்ன குறை என்று பிறகுதான் விசாரித்தேன். பொருளின் பெயர், விலை, எடை எல்லாவற்றையும் போஸ்டர் மாதிரி படமாகச் செய்து ஒட்டியிருந்தார்கள். நம் கண்ணுக்கு அது எழுத்து, போனுக்கு அது வெறும் படம். சில போன்கள் படத்தில் இருக்கும் எழுத்தை ஊகித்துச் சொல்கின்றன. ஆனால் விலையை ஊகத்தில் கேட்டு யாராவது பணம் கட்டுவாங்களா? தளம் செய்தவர் மேல் நான் குறை சொல்லவில்லை. நாம கேக்கலை, அவரும் செய்யலை.

"ஒரு அக்காவுக்காக இவ்வளவு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களோடு முடியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்த நாம் எத்தனை பேர்? கண்புரை உள்ள மாமியார், கை நடுங்கும் அப்பா, நடு வெயிலில் நின்று போன் பார்க்கிறவர், எழுத்துக் கூட்டிப் படிக்கிற நம் உறுப்பினர்கள்! இவங்க எல்லாருமே வாடிக்கையாளர்கள்தான். படிக்க முடியாவிட்டால் சண்டை போட மாட்டாங்க, பேசாமல் வேறு கடைக்குப் போயிடுவாங்க.

இது இரக்கப்பட்டுச் செய்யும் வேலையும் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்களும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்று சொல்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, நாம எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, எழுத்து எழுத்தாகவே இருக்கணும். தமிழ் முழுக்க யூனிகோடில் இருக்கணும். பழைய எழுத்துருக்களில் அடித்து ஒட்டினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், போன் ஏதோ ஆங்கிலக் குப்பையாக வாசிக்கும். தேடினாலும் நம் பொருள் கிடைக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி விவரம் எழுத வேண்டும். இதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று பெயர். "படம் 1" என்று எழுதினால் பயன் இல்லை. "சிவப்புக் கரை போட்ட பனையோலைக் கூடை, இரண்டு கைப்பிடி" என்று எழுதினால், பார்க்காதவருக்கும் கூடை மனசில் தெரியும்.

மூன்றாவது, அடிப்படை எளிய எச்.டி.எம்.எல்.-ஆக இருக்கட்டும். அதில் தலைப்பைத் தலைப்பு என்றும், பட்டனைப் பட்டன் என்றும் முறையாகக் குறித்தால், வாசிக்கும் மென்பொருள் தானே புரிந்துகொள்ளும். அலங்காரம் வயசுக்கு நிற்காது. ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற நுட்பத்தில் ஆடிப் பாடுகிற தளங்கள் செய்தார்கள். 2020 டிசம்பரோடு அதை நிறுத்தியே விட்டார்கள். ஆனால் 1990-களில் எளிய எச்.டி.எம்.எல்.-இல் எழுதிய பக்கம் இன்றும் திறக்கிறது. வேர்ட்பிரஸில் செய்வதானால், அணுகல் வசதிக்கு ஏற்றது என்று குறித்த இலவச வடிவமைப்புகள் அதிலேயே இருக்கின்றன. அதில் ஒன்றை எடுக்கச் சொல்லலாம்.

நான்காவது, ஆர்டர் படிவம். வியாபாரம் நடப்பதும் முறிவதும் இங்கேதான். பெயர், போன் எண், முகவரி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர்ச்சீட்டு இணைத்திருக்கணும். இல்லாவிட்டால் போன் "எழுது, எழுது" என்று மட்டும் சொல்லும். எதை எழுத? தவறு இருந்தால் சிவப்புக் கோடு மட்டும் போதாது, "போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது" என்று வார்த்தையில் சொல்லணும். கோணல்மாணலான எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சோதனையே வேண்டாம்.

ஐந்தாவது, பின்னணிக்கும் எழுத்துக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கணும். வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து கூடவே கூடாது. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் கலையக்கூடாது. வீடியோ போட்டால், காது கேளாதவர்களுக்காகப் பேச்சை எழுத்தில் போடணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். "ஒரு சின்ன மென்பொருளை ஒட்டினால் தளம் தானே எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும்" என்று விற்பார்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 2025-ல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்திடம் 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கடைக்கால் சரியில்லாத வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து என்ன பயன்?

செலவு கூடுமோ என்று நானும் பயந்தேன். தளம் செய்பவர் சொன்னார்: "முதல்லயே சொன்னா பெரிய வேலை இல்லைங்க. முடிச்ச பிறகு மாத்தச் சொன்னாத்தான் செலவு." அதனால்தான் இப்பவே பேசுறேன்.

வீட்டுக்குப் போனதும் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள், அணுகல்தன்மை, டாக்பேக் என்று போய் அதை இயக்குங்கள். அதன்பின் ஒருமுறை தட்டினால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். நிறுத்தவும் அப்படியே இருமுறை தட்டணும், பயந்துடாதீங்க! கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டில் ஊறுகாய் வாங்க முயற்சி செய்யுங்கள். கணினி இருந்தால் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது அது.

கடைசியாக, தீர்மானத்துக்கு மூன்று யோசனை வைக்கிறேன்.

ஒன்று: தளம் "டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, ஏ.ஏ. நிலை" விதிகளின்படி இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். இது 2023-ல் வெளியான உலக அளவிலான வழிகாட்டி. நமக்கு முழுசும் தெரியணும்னு இல்லை, செய்பவருக்குத் தெரிந்திருக்கணும்.

இரண்டு: எந்தப் பொருளுக்கும் படவிவரத்தை அதைச் செய்யும் குழுவே எழுதித் தரவேண்டும். நம் பொருளை நம்மைவிட யார் நல்லா சொல்லப் போறாங்க?

மூன்று: எங்க அக்கா யார் துணையும் இல்லாமல் தன் போனில் ஒரு கூடையை ஆர்டர் செய்து முடித்த பிறகுதான் கடைசித் தவணைப் பணம். அந்தச் சோதனைக்கு அக்காவுக்குக் கூட்டமைப்பு படி கொடுக்கவேண்டும். அதுவும் வேலைதான்.

ஆரம்பத்தில் வங்கிக்குள் கால் வைக்கவே நாம எவ்வளவு தயங்கினோம்! படிவம் புரியாமல் வாசலில் நின்றது நமக்கு மறந்து போகலாமா? நம் கடை வாசலில் இன்னொருத்தி அப்படி நிற்கக்கூடாது.