மலை கடந்த காற்று

ஒரு சொல்லின் பொருளை அறிய அகராதியைப் புரட்டுகிறோம். அது ஓரிடத்தில் மட்டும் வழங்குவது ஏன் என்று அறிய வேண்டுமாயின், நிலப்படத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். கொரியா நாட்டின் காற்றுப் பெயர்கள் இரண்டைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அந்நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டித் தேபெக் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மலைக்குக் கிழக்கே உள்ள நிலம் யோங்டோங். மேற்கே உள்ளது யோங்சோ.

'நொப்செ' என்பது தூய கொரியச் சொல். கடலோடிகள் வடக்கை 'நொப்' என்றும், கிழக்கைச் 'செ' என்றும் வழங்கினர். இரண்டும் இணைந்து வடகிழக்குக் காற்றுக்குப் பெயராயின. வேனில் தொடங்கும் காலத்தில் கடலிலிருந்து வரும் இக்காற்று, மலையேறுகையில் குளிர்ந்து, தன் ஈரத்தைக் கீழைச் சரிவிலேயே இழந்துவிடுகிறது. பின்னர் மறுபுறம் இறங்குங்கால், 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 பாகை சூடேறுகிறது. யோங்சோவில் பயிர்கள் வாடுகின்றன. கடலோடி திசை குறிக்க வைத்த பெயர், அங்கே உழவன் அஞ்சும் பெயராயிற்று.

மற்றொரு சொல் 'யாங்கான்ஜிபுங்'. இது சீன எழுத்துகளால் அமைந்தது. யாங்யாங், கான்சோங் என்னும் ஈரூர்களுக்கு இடையே வீசும் காற்று என்பது பொருள். தெற்கே காங்னுங் வரையிலும் சேர்த்துச் சொல்வோர் 'யாங்காங்ஜிபுங்' என்பர். இளவேனிலில் மேற்கிலிருந்து மலை தாண்டி வந்து, வறண்டு, கடுவேகத்தோடு கடற்கரையை நோக்கிப் பாயும் காற்று இது. 2005 ஏப்ரலில் இதனால் பரவிய காட்டுத்தீ, நாக்சான்சா என்னும் பழம்பெரும் பௌத்தக் கோயிலை எரித்தது. 1469ஆம் ஆண்டில் வார்த்த வெண்கல மணியும் உருகிப்போயிற்று. 2019 ஏப்ரல் 4ஆம் நாள் கோசோங்கில் மூண்ட தீயும் இக்காற்றேறிச் சொக்சோ நகரை எட்டியது.

மலை ஒன்றே, காற்றின் திசை மாறினால், துன்புறும் மக்களும் மாறுகின்றனர். 15ஆம் நூற்றாண்டிலேயே கங் ஹீமெங் என்னும் அறிஞர் தம் வேளாண்மை நூலில் இதனை ஆராய்ந்தார். கிழக்கே உள்ளோர் மேல்காற்றை வெறுப்பதும், மேற்கே உள்ளோர் கீழ்க்காற்றை வெறுப்பதும் ஏன் என வினவி, கடல் கடந்த காற்று பயிரை வளர்க்கும், மலை கடந்த காற்று கெடுக்கும் என்று கண்டார்.

வெப்பமானியும் காற்றழுத்தமானியும் தோன்றுமுன் எழுந்த முடிவு இது. வயலிலும் படகிலும் நின்றோர் பட்டறிந்ததைச் சொல்லாக்கி வைத்தனர். ஆதலால், வட்டாரச் சொல்லொன்றைக் கேட்டால் எளிதென எண்ணித் தள்ளிவிடாதீர்கள். அதனுள் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கக்கூடும்.