ஊருக்குப் போய் வந்த காய்ச்சல்

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துப் போட்டுக் களைச்சுப்போய் வந்திருக்கிறீங்க. நீட்டிப் பேச மாட்டேன். மலேரியாவைப் பற்றிப் பேசப் போறேன் என்று அறிவித்தல் போட்டதும் சில பேர் சிரித்தார்களாம். "அது ஒழிஞ்சு போச்சே, இந்தக் குளிரிலே அந்த நுளம்பு ஏது?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான்.

ஒழிந்தது உண்மை. 2012 அக்டோபரோடு நம் நாட்டுக்குள்ளேயே பரவி வந்த மலேரியா நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. இது லேசில் கிடைத்ததல்ல. நம்ம பாட்டன் பூட்டன்மார் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தபோது, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1934, 35ஆம் வருஷங்களில் இந்த நாட்டில் சுமார் 80,000 பேரை மலேரியா கொண்டு போனது. பிறகு மருந்தடித்து அடித்து, 1963இல் நாடு முழுக்கவே 17 நோயாளிகள்தான். சரி முடிஞ்சுது என்று கையைத் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து லட்சத்துக்கு மேல்! அதனாலேதான் "ஒழிஞ்சு போச்சு" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

இப்போது நோய் வருவது விமானத்திலும் படகிலும். நுளம்பு அதைக் கொண்டு வரவில்லை, மனுஷன்தான் தன் இரத்தத்திலே கொண்டு வருகிறான். மாணிக்கக்கல் வியாபாரத்துக்கு ஆபிரிக்கா போனவர்கள், தைப்பு வேலைக்கும் கட்டிட வேலைக்கும் போனவர்கள், இந்தியாவுக்கு யாத்திரை போனவர்கள் என்று வருஷா வருஷம் சில பத்துப் பேரிடமாவது கண்டுபிடிக்கிறார்கள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிற தங்கச்சிமாருக்குப் பெரும்பாலும் இந்தப் பயம் இல்லை. ஆனால் 1964 ஒப்பந்தத்தோடு அக்கரைக்குப் போன சொந்தக்காரர்கள் நமக்குத்தானே உண்டு. சில பேர் கர்நாடகத்தில் சுள்ளியாப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் இருக்கிறார்கள். அதை அடுத்த மங்களூர், மலேரியாவுக்கு நெடுங்காலம் பேர் போன இடம். கலியாணம், சாவு என்று நாம் போய்த்தான் வருவோம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

குளிர் தோட்டம் என்றால் நுளம்பு கடித்துப் பரவுவது குறைவுதான். ஆனால் வந்தவருடைய உயிருக்குக் குளிர் காவல் இல்லையே. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போன தம்பி வந்து இரண்டு கிழமை. காய்ச்சல், நடுக்கம், தலையிடி. டெங்கு என்று ஒருத்தர், தடிமன் என்று ஒருத்தர். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறோம், கடையில் பெனடோல் வாங்குகிறோம். ஒரு நாள் பேர் போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆளில்லை. பல்சிபாரம் என்ற வகை மலேரியாவானால் சில நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இன்னும் மோசம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால்தான் முறைக்காய்ச்சல் என்று பெரியவர்கள் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்த முறை எல்லாருக்கும் வராது.

இன்னொரு சங்கதி. இன்றைக்கு இருக்கிற இளம் டாக்டர்மாரில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணாலே பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த நினைப்பே வராது. நினைப்பு வர வைக்கிறது நம்ம வாய்தான். "ஐயா, நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன், இரத்தம் பாருங்க" என்று சொல்ல வேண்டும். வந்து மாசக் கணக்கானாலும் சொல்லுங்க. வைவாக்ஸ் என்ற வகை ஈரலில் ஒளிந்திருந்து ஒரு வருஷம் கழித்தும் கிளம்பும். முதல் தரம் இரத்தத்தில் தெரியாவிட்டால் மறுபடியும் பார்க்கச் சொல்லலாம். ஏஜன்சிக்காரன் குறுக்கு வழியில் அனுப்பினான், சொன்னால் வம்பு என்று சில பையன்மார் மறைக்கிறார்கள். தம்பிமாரே, டாக்டர் கேட்பது எந்த ஊர் என்றுதான், பாஸ்போர்ட்டை அல்ல.

வைத்தியம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். வைவாக்ஸுக்கு 14 நாள் மாத்திரை உண்டு. மூன்றாம் நாளே காய்ச்சல் நின்று போகும், மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிடுவோம். அப்படி வைத்தால் ஈரலில் இருப்பது சாகாது.

நோய் ஒருவரிடம் தெரிந்தால் மலேரியா தடை இயக்கத்து ஆட்கள் லயத்துக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பழி சொல்ல வரவில்லை, கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். 2018இல் மொனராகலை மாவட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக நம் நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியது. இப்படித் தேடிப் போய்ப் பார்த்ததால்தான் அதோடு மடக்கினார்கள். அந்தப் பக்கமும் தோட்டங்கள் இருக்கின்றன, நம்ம ஆட்களும் இருக்கிறார்கள்.

போவதற்கு முன்பே தடுப்பு மாத்திரையும் உண்டு, அதுவும் இலவசம். சில மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு மேல் முன்னாலேயே தொடங்கி, திரும்பி வந்தும் விடாமல் குடிக்க வேண்டும். ஆகவே பெட்டி கட்டுகிற அன்றைக்கு ஓடி வந்து பயனில்லை. டிக்கட் போட்டதும் மாவட்டத்து மலேரியா அதிகாரியின் ஒபிசுக்குப் போங்கள். இடம் தெரியாதவர்கள் டிஸ்பென்சரி ஐயாவிடமோ என்னிடமோ கேளுங்கள். இந்த வருஷம் யார் யார் வீட்டில் வெளிநாடு போக இருக்கிறார்களோ, இப்போதே மேசையிலுள்ள கொப்பியில் லய நம்பரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.