அலைகளை வடித்தெடுக்கும் கலை



முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ளது தண்ணீரூற்று என்னும் ஊர். மண்ணினூடே வடிந்து வரும் நீரே தெளிந்த நீர் என்பதை ஊற்றின் பெயரைத் தாங்கிய அவ்வூரார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வானொலிப் பெட்டிக்கும் அத்தகைய வடிப்பு ஒன்று வேண்டும். அதனை வீட்டிலேயே அமைக்கும் முறை யாதென்பதே இன்றைய உரையின் பொருள்.

1990 ஆம் ஆண்டின் பின்னர், போர்க்காலத்தில், வன்னிப் பெருநிலம் நெடுங்காலம் மின்சாரமின்றி இருந்தது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. துவிச்சக்கரவண்டியின் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு மக்கள் பி.பி.சி. தமிழோசையைச் சிற்றலையிற் கேட்டனர். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, அயலார் பெட்டியைச் சூழ்ந்திருப்பர். உறவினர் வாழும் ஊரில் நேர்ந்தது யாதென அறியத் துடிக்கும் அவ்வேளையில், வேறொரு நிலையத்தின் ஓசை குறுக்கிட்டு ஓர் ஊர்ப்பெயரை விழுங்கிவிடுமாயின், அவர்தம் மனம் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்குறுக்கீடு நிகழ்வது எங்ஙனம்? ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றதோ அவ்வெண்ணிக்கையே அதன் மீடிறன். சாதாரண வானொலிப் பெட்டி, வரும் அலையைத் தன்னுள்ளே தோற்றுவிக்கும் மற்றோர் அலையோடு கலந்து, அவ்விரண்டின் வேறுபாடாகிய 455 கிலோஹேர்ட்ஸ் அலையாக மாற்றுகின்றது. 9.7 மெகாஹேர்ட்ஸ் நிலையத்தைக் கேட்கப் பெட்டி 10.155 மெகாஹேர்ட்ஸ் அலையைத் தோற்றுவிக்கின்றது எனக் கொள்வோம். 10.61 மெகாஹேர்ட்ஸில் வரும் வேறொரு நிலையத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடும் அதே 455 கிலோஹேர்ட்ஸே! ஆகவே இரண்டு நிலையங்களும் ஒருங்கே ஒலிக்கின்றன. கலந்தபின் அவற்றைப் பிரித்தல் இயலாது. கலக்குமுன்னரே வேண்டாததைத் தடுத்தல் வேண்டும். அத்தடுப்பே பட்டை வடிகட்டி. தான் விரும்பும் பட்டையை உள்ளே விட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றை அது விலக்குகின்றது.

வடிகட்டியின் உறுப்புகள் எளியவை: ஒரு கம்பிச்சுருளும் ஒரு கொள்ளளவியும். 2.7 மைக்ரோஹென்றி சுருளோடு 100 பிக்கோபரட் கொள்ளளவியை இணைத்தால் அவை ஏறத்தாழ 9.7 மெகாஹேர்ட்ஸில் பரிவுறும். ஓர் இணை மட்டும் போதாது. இரண்டு அல்லது மூன்று இணைகளை மிகச் சிறிய கொள்ளளவிகளால் தொடுத்தால் வடிப்புக் கூர்மையடையும்.

எனினும் சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை பரந்தது. அதற்கு ஒரு வடிகட்டி போதுமோ? ஐந்தாறு வேண்டும். முற்காலத்தில் அவற்றைக் கையாற் திருகும் ஆளியால் மாற்றினர். வடிகட்டிகளிலிருந்து ஆளிவரை நீண்டு செல்லும் கம்பிகள் வழியே வேண்டாத அலைகள் கசிந்து புகுவதும் உண்டு. இக்காலத்தில் அப்பணியை நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லு ஏற்றுக்கொள்கின்றது. பெட்டியின் உள்ளலையை நிர்ணயிப்பதும் அதுவே ஆதலால், கேட்கப்படும் மீடிறன் யாதென்பதை அது முன்னரே அறியும். தன் நினைவிலுள்ள அட்டவணையை நோக்கி, உரிய வடிகட்டியின் இரு முனையிலுமுள்ள ரிலேக்களை அது இயக்குகின்றது. ரிலேக்கள் வடிகட்டியின் அருகிலேயே அமைவதால் நீண்ட கம்பிகளுக்கு இடமில்லை.

இங்கே சிக்கனமும் கருதத்தக்கது. ஒருமுறை மின்துடிப்புப் பெற்றதும் அந்நிலையிலேயே நிற்கும் ரிலேக்கள் உண்டு. பற்றரியிலோ சூரியமின்னிலோ இயங்கும் பெட்டிக்கு அவையே தக்கவை. நுண்கட்டுப்படுத்தியும் இரைச்சல் எழுப்புவதாகையால் அதனை உலோகப் பெட்டியுள் அடைத்து, வேலை முடிந்ததும் உறங்கவிடல் நலம். ஆயினும் கேட்கும் பட்டைக்குள்ளேயே எழும் இரைச்சலை எவ்வடிகட்டியாலும் நீக்க இயலாது என்பதையும் மறத்தலாகாது.

இவை எட்டாக்கனி அல்ல. இந்தியாவின் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்பார், நீர்க்குழாய்களிற் பயன்படும் வாசர்களின்மீது கம்பி சுற்றிச் சுருள் அமைக்கும் எளிய வானொலி ஒன்றை வகுத்து, அதன் விவரங்களை யாவர்க்கும் வெளியிட்டார். அவரது பிற்காலக் கருவியொன்றில், ஒலிபரப்பும் பகுதியின் வடிகட்டிகளை நுண்கட்டுப்படுத்தி ரிலேக்களால் மாற்றுகின்றது.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 இல் நின்றுவிட்டது. சிற்றலையை விட்டு நீங்கிய நிலையங்கள் பல. அவ்வாறாயின் இம்முயற்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்த அதே நாளில் அந்தமான் தீவுகளும் பாதிப்புற்றன. போட் பிளேயரிலிருந்து வெளியுலகிற்குச் செய்தி அனுப்பியவர், அங்கு அமெச்சூர் வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. தொலைபேசிக் கோபுரங்கள் சாயும் நாளில் தொலைதூரச் செய்தியைத் தாங்கி வர வல்லது சிற்றலை. அந்நாளில் ஒரு சொல்லும் சிதையாது கேட்டல் உயிர்காக்கும் செயலாகும்.

ஒலிபரப்புவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கேட்கும் பெட்டியை அமைத்துப் பழகுவதோ மாணவர்க்கு ஏற்ற தொடக்கம். முதலில் ஒரேயொரு வடிகட்டியை அமைத்து, அதனோடும் அஃதின்றியும் ஒரே நிலையத்தைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பரிவு பற்றிப் பாடநூல் கூறுவதன் பொருளை அவ்வேறுபாடு செவிக்கே உணர்த்திவிடும். எஞ்சிய ஐந்தும் பின்னர்த் தாமே வந்து சேரும்.