ஐப்பசிக்கு முன் ஓர் ஊசி

1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலொன்றின் வழியாகச் சென்னையில் பிரவேசித்து, சில மாதங்களுக்குள் தேசமெங்கும் வியாபித்த இன்ஃபுளுயன்ஸா ஜுரத்தைத் தஞ்சைச் சீமையின் வயோதிகர் சிலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். வருஷந்தோறும் ரூபம் மாறும் அந்தக் கிருமி வர்க்கம், வடநாட்டில் ஆடி ஆவணி மழையில் உக்கிரமடைய, நம் பக்கத்திலோ வடகிழக்குப் பருவமழை பிடித்து, சம்பா வயல்களில் நீர் தளும்பி நிற்கும் ஐப்பசி கார்த்திகையில்தான் பெரும்பாலும் தலைதூக்குகிறது. இந்த ஜுரத்துக்கான தடுப்பூசியின் பலன் தேகத்தில் ஸ்திரப்படச் சுமார் 2 வாரங்கள் செல்லுமாதலால், புரட்டாசியிலேயே அதைப் போட்டுக்கொள்வது விவேகம்.

ஊசியே ஜுரத்தைக் கொண்டுவரும் என்று திண்ணையில் சொல்வார்கள். சாதாரணமாகப் போடப்படுவது செயலிழந்த கிருமியாதலால் அந்தப் பீதி வீண். கைவலியும், சிலருக்கு ஓரிரு நாள் உடம்புக் கனகனப்பும் உண்டு. பூரண ரக்ஷணை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும் அபாயம் குறைகிறது. திடகாத்திரமான வாலிபர்கள் யோசித்துச் செய்யலாம். அறுபத்தைந்தைக் கடந்தவர்களும், கர்ப்பிணிகளும், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும், சென்ற வருஷம் போட்டாயிற்றே என்றிராமல், புரட்டாசியிலேயே டாக்டரைக் கலந்தாலோசியுங்கள்.