ஊரில் விட்டுவந்த பிள்ளை

போன மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல ஒரு வாடகை வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். ஒரே அறை, ஓரத்துல அடுப்பு. வடக்கன்குளம் பக்கத்துல இருந்து வந்த இளம் தம்பதி. ரெண்டு பேருக்கும் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். சுவர்ல புனித தேவசகாயம் படம்.

தீர்த்தம் தெளிச்சு முடிச்சதும், "பிள்ளை எங்கம்மா?"ன்னு கேட்டேன். ஒன்றரை வயசுப் பையன், ஊர்ல ஆச்சிகிட்ட இருக்கான். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "பிள்ளைங்க ஆண்டவர் தர்ற ஆசீர்வாதம்னு எங்க கல்யாணப் பூசையில பிரசங்கம் வெச்சாங்க ஃபாதர். அந்த ஆசீர்வாதத்தை விட்டுட்டு வந்தவளை என்னன்னு சொல்றது?"

உடனே எனக்குப் பதில் வரல. நாமும் அந்தப் பிரசங்கத்தை எத்தனை தடவை வெச்சிருக்கோம்!

சுவர்ல இருந்த தேவசகாயமும் கல்யாணமானவர்தான். 1745-ல அவர் ஞானஸ்நானம் வாங்கினது இவங்க ஊர்ப் பக்கமான அதே வடக்கன்குளத்துல. மனைவி பார்கவி அம்மாளும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனாங்க. ஞானப்பூன்னா தெரேசா. 1752-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில அவரைச் சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15-ல புனிதர் பட்டம். அவர் கதையைச் சொல்ற யாரும் பிள்ளைச் செல்வத்தை வெச்சு அவரை அளக்கிறதில்ல.

ஆனா அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது இன்னொரு தெரேசாவோட அம்மா கதை. பிரான்ஸ் நாட்டு அலென்சோன் ஊர்ல செலி மார்ட்டின் லேஸ் பின்னும் தொழில் நடத்தினாங்க. கணவர் லூயி வாட்ச் கடைக்காரர். மனைவி தொழில் பெருகினதும் தன் கடையை விட்டுட்டு அதைப் பார்க்க வந்துட்டார். (நம்ம ஊர் ஆம்பளைங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும்!) ஒன்பது பிள்ளைகள். நாலு பேரைச் சின்ன வயசிலேயே அடக்கம் பண்ணினாங்க. இப்படி ஆகும்னா பெறாமலே இருந்திருக்கலாம்னு சிலர் சொன்னதை செலியால தாங்க முடியல. என் பிள்ளைகளை நான் மேலே மறுபடி பார்ப்பேன்னு கடிதத்துல எழுதினாங்க.

கடைசிப் பிள்ளைதான் 1873-ல பிறந்த சிறுமலர் தெரேசா. தாய்ப்பால் கொடுக்க முடியல, குழந்தை சாகக் கிடந்தது. அதனால ரெண்டு மாசக் குழந்தையைக் கிராமத்துல ஒரு செவிலித்தாய்கிட்ட விட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல அந்தக் குடியானவ வீட்டுலதான் வளர்ந்தா. அந்த செலிக்கும் லூயிக்கும்தான் 2015-ல, கணவன் மனைவியா சேர்த்தே, திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார்.

"அவங்களும் பிள்ளையை விட்டாங்களா?"ன்னு கேட்டா. "ஆமா, பிழைக்கணும்னுதான் விட்டாங்க"ன்னேன்.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. இயேசு குழந்தைகளை அணைச்சு, கை வெச்சு ஆசீர்வதிக்கிறார். அவங்களை யார் கொண்டு வந்தாங்க? 'சிலர்'னுதான் இருக்கு. அம்மாவா, ஆச்சியா, பக்கத்து வீட்டு அக்காவா, சொல்லல. அங்கே ஆசீர்வாதம் வாங்கறது பிள்ளைங்க. நாம அதைப் பெத்தவங்களோட சம்பாத்தியக் கணக்கா மாத்திட்டோம். அதனால பிள்ளை இல்லாதவங்ககிட்ட "விசேஷம் உண்டா?"ன்னு கேட்டுக் கேட்டே நோகடிக்கிறோம்.

1888-ல, 15 வயசுல, தெரேசா கன்னியர் மடத்துக்குப் போன நாள். அப்பாகிட்ட ஆசீர் கேட்டு முழங்கால் போட்டா. லூயியும் அவ முன்னாடி முழங்கால் போட்டு, அழுதுகிட்டே ஆசீர்வதிச்சார். செலி அப்போ இல்ல. 1877-லயே மார்பகப் புற்றுநோயில இறந்துட்டாங்க.

அந்தத் தம்பி அதுவரைக்கும் பேசவே இல்ல. நான் கிளம்பறப்போ மட்டும் சொன்னார்: "ஊருக்குப் போயிட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பறப்போ, தூங்கற பையன் நெத்தியில சிலுவை போட்டுட்டுத்தான் வருவேன் ஃபாதர். அவனுக்குத் தெரியாது."

அடுத்த பகுதியில மருத்துவராவும் தாயாவும் இருந்த புனித சியன்னா மொல்லாவைப் பத்திப் பேசுவோம்.